கடலூருக்குப் போன மாநாடு

சிதம்பரத்துக்கு வரவேண்டிய மாநாட்டைக் கடலூர்க்காரர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அப்பாகூட நன்றாகச் சாப்பிட்டார். நான்தான் சாப்பிடவில்லை.

அப்பாவின் கட்சி நாடு முழுக்க இருந்து ஆட்களை வரவழைத்து நடத்தும் அகில இந்திய மாநாடு அது. எங்கள் மாவட்டத்தில்தான் என்று முடிவானதும், எந்த ஊரில் என்பதில் அப்பாவுக்கும் கடலூரில் இருந்த மாமாவுக்கும் போட்டி மூண்டது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவரும் அதே கட்சி. அப்பா கோயில் ஊருக்கே உரிய லாட்ஜுகளைக் காட்டினார், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஹாஸ்டல்களைக் காட்டினார். மாமா மஞ்சக்குப்பம் மைதானத்தைக் காட்டினார். மைதானம் ஜெயித்தது. எங்கள் மனம் நோகாமலிருக்க, மாநாட்டுக் கொடிக்கம்பம் மட்டும் சிதம்பரத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்படும் என்றார்கள்.

"கம்பம் எங்க ஊருதான் மச்சான். அது இல்லாம கொடிய எதுல ஏத்துவீங்க?" என்று அப்பா போனில் மாமாவிடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதில் எனக்குக் கடலூர் என்பது மாமா பெண்ணின் சொந்தச் சொத்து. கலெக்டர் ஆபீஸ் அவளுடையது, பீச் அவளுடையது. இப்போது மாநாடும் அவளுடையதாகிவிட்டது. ஒரு கம்பத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி அவள் முகத்தில் விழிப்பேன்?

அவள் போன் செய்தாள். பீற்றிக்கொள்வதற்காகவே செய்தாள்.

"எங்க வீட்டுல பீகார்லேர்ந்து ஒரு அம்மா வந்து தங்கப் போறாங்க தெரியுமா? எனக்கு வாலண்டியர் பேட்ஜ் குடுத்துட்டாங்க. ரிப்பன் வச்சது."

"எங்க வீட்டுக்குக் கேரளாலேர்ந்து ஒரு கூட்டமே வருது," என்றேன். யாரும் வரவில்லை. வயிறு எரிந்த எரிச்சலில் வாயில் வந்தது அது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, ஒரே வெறி. எப்பாடுபட்டாவது ஒரு பேட்ஜ். அதுவும் அவளுடையதைவிடப் பெரியது.

மாநாட்டில் உட்கார்ந்து பேசவும் ஓட்டுப் போடவும் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பிரதிநிதி. அது யார் என்று பேசி முடிக்க எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கூடினார்கள். அம்மாவும் காலேஜ் நாளிலிருந்தே கட்சிதான். அப்பாவைக் கட்சியில் சேர்த்துவிட்டதே அவள்தான் என்று கேலி செய்வார்கள். கூட்டத்தில் ஒருவர் அம்மா பெயரைச் சொன்னார்.

"இவ போயி மூணு நாள் ஒக்காந்துட்டா புள்ளய யாரு பாக்கறது?" என்றார் அப்பா.

எல்லோரும் தலையாட்டினார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த அம்மாவும் ஆட்டினாள். அப்பா பிரதிநிதியானார். ஒரு கட்சியே கூடி என்னைப் பற்றிக் கவலைப்பட்டதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் கடைசியில் நாங்களும்தான் போனோம். விருந்தாளியைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று அத்தை கூப்பிட்டதால், அம்மா சமையலுக்கு, நான் அம்மாவோடு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாமா வீட்டு வாசலிலேயே அவர் பெண் நின்றாள், சட்டையில் ரிப்பன் தொங்க. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். "அழுக்காயிடும்," என்று தள்ளிவிட்டாள். சனியன்.

உள்ளே அந்த பீகார் அம்மா கட்டிலில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வயல் வேலைக்குப் போகிறவர்களின் சங்கத்திலிருந்து வந்த பிரதிநிதி. தமிழ் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அத்தை புன்னகைத்தபடியே இட்லி மேல் இட்லியாக வைத்துக்கொண்டிருந்தாள். மாமா கையாலேயே ஏதோ கதகளி ஆடிக்கொண்டிருந்தார். அம்மா மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, தடதடவென்று ஹிந்தியில் பேச ஆரம்பித்தாள். பீகார் அம்மா எழுந்து வந்து அவள் மாவுக் கையையே பிடித்துக்கொண்டார்.

"அட, சின்ன வயசுல படிச்சது இன்னமும் ஞாபகம் வச்சிருக்கியா நீ?" என்றார் மாமா.

மாமா பெண்ணின் முகம் சுண்டிப் போனது. அப்பாடா! அவள் வீட்டு விருந்தாளி எங்கள் அம்மாவுக்குச் சொந்தமாகிவிட்டார்.

மூன்று நாளும் சாயங்காலமானால் பீகார் அம்மா நேராக அடுப்படிக்குத்தான் வருவார். அன்றைக்கு மாநாட்டில் நடந்ததையெல்லாம் சொல்வார். சப்பாத்தி தீய்வதுகூடத் தெரியாமல் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்பாள். அதே பந்தலில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வரும் அப்பாவிடமும் கேட்டாள்.

"இன்னிக்கி என்னென்ன தீர்மானம் வந்துது?"

"நெறைய வந்துது," என்றார் அப்பா. சாப்பிட்டார், தூங்கிவிட்டார்.

கடைசி நாள் ஸ்டேஷனுக்குப் போக வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாடி அறையில் பீகார் அம்மா தன் சேலையிலிருந்து பேட்ஜைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்து, என்னவோ சொன்னார். அவர் எல்லோரிடமும் விடைபெறக் கீழே இறங்கினார். அவருடைய பையை எடுத்து வரத் தங்கிய அம்மா, பீரோ கண்ணாடி முன்னால் நின்று பேட்ஜைத் தன் தோளுக்குக் கீழே குத்திக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். கூட்டத்தில் பேச அனுமதி கேட்பவர்களைப் போல வலது கையை மெல்லத் தூக்கினாள்.

கதவோரம் நின்றிருந்த எனக்கு பேட்ஜை விட்டுக் கண் நகரவில்லை. பூப்போல மடித்த ரிப்பன், நடுவில் பொன் எழுத்து. வாலண்டியர் பேட்ஜெல்லாம் இதன் கால் தூசு.

"அம்மா, எனக்கும்மா!"

கை சட்டென்று இறங்கியது. "ஒனக்கு எதுக்குடி இது?"

"அவளுது வெறும் வாலண்டியர். இது டெலிகேட்டு. எனக்குத்தான் வேணும். குடும்மா, குடும்மா!"

அம்மா கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழற்றி என் கவுனில் குத்திவிட்டாள். நான் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. மாமா பெண் வாயைப் பிளந்தாள்.

"யாருதுடி அது?"

"எங்க அம்மாவுது!" என்று கத்தினேன்.

ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்த அப்பாவும் மாமாவும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னாது, ஒங்க அம்மாவுதா?" என்று மாமா சிரித்தார். அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும்கூடச் சிரித்தோம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் அதை ஆட்டோவில் வைத்துவிட்டு, நேராக அடுப்படிக்குள் போனாள்.

மூன்று நாள் சமைத்ததில் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.