கிரைண்டருக்கு ஒரு தலையணை

போன வாரம் ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்தார். காபி வேண்டாம் என்றார். எங்கள் தொம்மலூர் கன்னடக்கார ஓனர் காபியை மறுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கீழ் வீட்டு நர்ஸம்மா நைட் டியூட்டி முடிச்சுட்டு பகல்லதான் தூங்குறாங்க. நீங்க கிரைண்டர் போட்டா அவங்க கட்டிலே ஆடுதாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி மனெ காலி மாடி சார், வீட்டைக் காலி பண்ணுங்க!"

என் மனைவி சாந்தி இட்லி மாவு விற்கிறாள். அக்கம்பக்கத்து ஐ.டி. பேச்சலர்களின் ராத்திரிச் சாப்பாடே அவள் கையில்தான். வீடு மாறினால் வியாபாரம் போச்சு... அவள் முகம் செத்துவிட்டது.

சும்மா இருப்பேனா? இன்ஜினீயர் ஆயிற்றே! கழுத்து வலிக்கு வாங்கிய மெமரி ஃபோம் தலையணையை வெட்டி கிரைண்டர் கால்களுக்குக் கீழே வைத்தேன். என் மண்டையையே தாங்கியது, இதைத் தாங்காதா? தாங்கவில்லை. அந்தக் கனத்தில் அப்பளமாக நசுங்கியது. தரை பழையபடியே அதிர்ந்தது.

அடுத்து, பழைய டயர்த் துண்டுகள். கிரைண்டர் குதித்துக் குதித்துக் கதவு வரை வந்துவிட்டது!

"ஏங்க, டயரு வாங்குன அடிய அப்படியே திருப்பிக் குடுக்குது. தலகாணி மொத்தமா படுத்துடுது. வெயிட்டையும் தாங்கி, அதிர்வையும் முழுங்குற மாதிரி ஒண்ணு கிடைக்காதா?" என்றாள் சாந்தி.

கிடைக்கிறது, அதிர்வை உறிஞ்சும் பேட் என்று. பாதி ரப்பர், பாதி பாகு — அப்படியொரு குணம். அடி விழுந்தால் மெதுவாக அமுங்கி, மெதுவாக எழும்பும். அதற்குள் அதிர்வில் பெரும்பகுதியைச் சூடாக மாற்றித் தனக்குள்ளேயே கரைத்துவிடும். ஆனால் எடைக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும். மார்க்கெட்டில் கிரைண்டரின் எடையைச் சொல்லிக் காலுக்கு ஒரு பேட் வாங்கி வந்தோம்.

(குடும்பத்திலும் இதே கதைதான். திட்டைத் திருப்பிக் கொடுக்கும் டயர்களும், நசுங்கிப்போகும் தலையணைகளும்தான் அதிகம்.)

ஞாயிறு மதியம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தியின் போன் அடித்தது... கீழ் வீட்டு நர்ஸ்! சாந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் ஏதோ கோவத்துல ஓனர்கிட்ட சொல்லிட்டேன். அதுக்காக மாவு அரைக்கிறதையே நிறுத்திட்டீங்களா? எனக்கு மனசு கேக்கல. மறுபடி எப்ப அரைப்பீங்க?"

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாந்தியோ கிரைண்டரைப் பார்த்தபடி போனில் கத்தினாள்:

"கொஞ்சம் சத்தமாப் பேசும்மா, இங்க மாவு அரைபடுது!"