முள்ளில்லாத சரிவு

என் அத்தையின் ஒரே மகன் நல்லவர். நல்லவர்களோடு மாரடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் வந்து கேளுங்கள்.

அத்தைக்குப் பழம் பறிக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவில் காட்டுப் பெர்ரிப் புதர்கள் தானாக மண்டிக் கிடந்தன. பறித்து ஜாம் கம்பெனிக்குக் கொடுப்பாள். மாமா போன பிறகு அந்தச் சரிவுதான் சோறு போட்டது. கையெல்லாம் கீறல். யாராவது பரிதாபப்பட்டால், "முள்ளுக்கு என்மேல கோபம் இருந்தா உனக்கென்ன வந்துச்சு?" என்று விரட்டிவிடுவாள்.

ஒவ்வொரு புதரிலும் இரண்டு விதத் தண்டு. இந்த வருஷம் முளைத்தது பச்சையாக இருக்கும். வளர்வதும் முள் வைப்பதும்தான் அதற்கு வேலை, பேருக்குக்கூட ஒரு பழம் கிடையாது. அடுத்த வருஷம் அதே தண்டு பழுப்பாகி, முள் மழுங்கி, இருக்கிற சத்தையெல்லாம் பழத்தில் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். காய்ந்ததை மட்டும்தான் அத்தை வெட்டுவாள். பச்சைத் தண்டு கையைக் கிழித்தால், "இரு, அடுத்த வருஷம் உன்னப் பாத்துக்கறேன்" என்று திட்டிவிட்டு ஒதுக்கி வைப்பாள்.

போன வருஷம் சர்க்கரை நோய் அவள் கையில் புண்ணாக வந்து உட்கார்ந்தது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு முள் குத்தி சீழ் வெச்சுதுன்னா கையை எடுக்க வேண்டியதுதான்."

கூடவே நின்றிருந்த அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. லாரி ஓட்டுகிற மனுஷன், அம்மா என்றால் உயிர். அத்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அரிவாளோடு சரிவில் இறங்கி, பழமில்லாத முள் தண்டுகளை ஒன்று விடாமல் அடியோடு வெட்டிக் கொளுத்திவிட்டார். நான் புகையைப் பார்த்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாயில் வந்தபடி திட்டப் போனேன். முழங்கை வரை ரத்தக் கீறலோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவரை என்னவென்று திட்டுவது?

அத்தை வீடு திரும்பியதும் கையோடு அழைத்துப்போய்க் காட்டினார். பழுப்புத் தண்டுகள் மட்டும் பழம் கனத்துத் தொங்கின. "இனிமே ஒரு முள்ளு உன்னத் தொடாதும்மா."

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நல்லாருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தாள்.

பழம் கொடுத்த தண்டுகளெல்லாம் அந்த வருஷமே காய்ந்தன. அவற்றின் இடத்துக்கு வர வேண்டியவை சாம்பலாகிக் கிடந்தன. வேர் சும்மா இருக்கவில்லை, புதுக் குருத்து விட்டது. ஆனால் முள் முற்றாத குருத்து, சுற்றி மறைக்கவும் புதரில்லை. முயல்கள் மொட்டையடித்தன. மறுபடி விட்டது, மறுபடி தின்றன. அத்தான் வலை கட்டி முடிப்பதற்குள் வேரும் ஓய்ந்துவிட்டது.

இந்தப் பழக்காலத்தில் ஜாம் கம்பெனி வண்டி எங்கள் வாசலில் நிற்காமல் போயிற்று. அத்தை படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் குந்தி, அவள் கையைத் தடவினார்.

"பாரும்மா, புண்ணு சுத்தமா ஆறிடுச்சு. ஒரு கீறல் இல்ல."

அத்தை இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாப்பா, கை இருக்கு. இத வெச்சுகிட்டு நான் என்ன பண்ணட்டும்? அதையும் நீயே சொல்லிடு."