மணமகள் புறப்படும் அத்தியாயம்

கல்முனையில் பிரதான வீதியோரம் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் வகுப்பறை. படியேறும்போதே புதுத் துணி வாசமும், பக்கத்துத் தேநீர்க் கடையில் பொரிகிற வாய்ப்பன் வாசமும் சேர்ந்து வரும். மேலே கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரை, ஒரு வெள்ளைப் பலகை, கடகடவென்று சத்தம் போட்டுச் சுற்றும் ஒரு மின்விசிறி. இவ்வளவுதான். ஆனாலும் இழந்துபோன இடங்களில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் அந்த அறையைத்தான் கேட்பேன். இப்போது அங்கே கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

படைப்பிலக்கியப் பாடநெறி, ஒரு வருடம், சனிக்கிழமை காலை மட்டும் என்று விளம்பரம் வந்தபோது நான் சம்மாந்துறையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். உரமானியம் பற்றியும் வாய்க்கால் தண்ணீர் பற்றியும் கடிதம் எழுதுவது என் வேலை. விண்ணப்பம் போட்டதைச் சொன்னதும் மனைவி சிரித்தாள்.

"ஒபிசில எழுதுறது காணாதெண்டா சனிக்கிழமையும் எழுதப் போறீங்க?"

நாவல் எழுதப் போகிறேன் என்றேன். அவள் தையல் மெசினை மிதித்துக்கொண்டே, "எழுதுங்க எழுதுங்க, வாசிக்க ஆள் வேணுமே, நான் இரிக்கன்" என்றாள். அவள் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

பாடநெறி முடியும்போது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியைத் தெரிவுசெய்து புத்தகமாக அச்சிடுவதாக நடத்தியவர்கள் அறிவித்திருந்தார்கள். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. காரணத்தை வெளியே சொல்ல வெட்கம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்கு அவள் பெற்றோர் கட்டிக் கொடுத்தது. நானும் மருதமுனையில் பிறந்து, சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். தலைநரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தத் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. இன்னார் வீட்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான். ஒரு புத்தகத்தின் அட்டையிலாவது என் பெயர் தனியாக நிற்கட்டுமே என்ற ஆசை.

வகுப்பை நடத்திய வளவாளர் தூரத்து ஊர்க்காரர். நல்ல மனிதர், கண்டிப்பானவர். அழகான வசனம் என்று நான் நினைத்ததையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுவார். வகுப்பில் எல்லா வயதிலும் ஆட்கள் இருந்தோம். என் பக்கத்துக் கதிரை எப்போதும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருக்கு. கவிதை எழுதுவார். இடைவேளையில் வாய்ப்பனை இரண்டாகப் பிய்த்து பெரிய பாதியை எனக்குத் தருவார். பாங்கு சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, முடியும்வரை எல்லோரும் பேசாமல் இருப்போம். அந்த நேரத்தில்தான் எனக்கு நல்ல வரிகள் தோன்றும். எழுத முடியாது, மனதுக்குள் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

நாவலின் நடுவில் கதாநாயகிக்குக் கலியாணம். அவள் பிறந்த வீட்டைவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் அத்தியாயத்தை நான் உருகி உருகி எழுதினேன். தாயின் தோளில் சாய்ந்து அழுகிறாள். கிணற்றடியைத் திரும்பிப் பார்க்கிறாள். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கார் தெரு முனையில் மறைகிறது. வகுப்பில் வாசித்து முடித்தபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தபாலதிபர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இதுதான் உங்கள் நாவலின் உயிர்" என்றார் வளவாளர். "இதில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள்."

சிவப்புப் பேனாக்காரர் வாயால் அப்படிக் கேட்டால் கால் தரையில் நிற்குமா? புத்தகம் அச்சாகிவிட்டது போலவே நான் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் அந்த அத்தியாயத்தைக் கொடுத்து, "வாசி, அழாம வாசிக்க ஏலுமா பாப்பம்" என்று சவால் வேறு விட்டேன்.

அவள் தையலை நிறுத்திவிட்டு வாசித்தாள். அழவில்லை. இரண்டாம் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கினாள்.

"இஞ்ச பாருங்க, இந்தப் புள்ள எங்க போறாள்?"

"மாப்புளட ஊட்டுக்கு."

"அங்க ஆரு இரிக்காங்க?"

"மாமியும், மாப்புளட தங்கச்சியும்."

"அப்ப அந்த ஊடு தங்கச்சிக்குத்தானே? இவ போய் எங்க படுக்கிற? குசினிக்குள்ள, அடுப்படியிலயா?"

  அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எந்த ஊர்லங்க பொண்ணு ஊட்ட உட்டுட்டு அழுதுக்கிட்டுப் போறாள்? நான் போனேனா? நீங்கதானே பெட்டியத் தூக்கிக்கிட்டு இஞ்ச வந்த!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. டீவி நாடகத்திலும் வெளிநாட்டுச் சஞ்சிகையிலும் பார்த்த மணமகளை, கார் சகிதம் எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். அதைவிட வேடிக்கை, வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். தபாலதிபர் உட்பட அங்கிருந்த கலியாணமான ஆண்கள் எல்லோரும் மனைவி வீட்டில் இருப்பவர்கள். ஒருவருக்காவது அது உறைக்கவில்லை.

சிரித்து முடித்த பிறகு அவள் சாதாரணமாக ஒன்று கேட்டாள். "நீங்க வாற அண்டைக்கு உங்கட உம்மா அழுதாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. சலவாத்துச் சொல்லி என்னை அழைத்துப் போனவர்கள், பெட்டியைத் தூக்கிய மச்சான், பூவாசம், எல்லாம் நினைவிருந்தது. உம்மா அந்த நேரம் எங்கே நின்றார் என்று நினைவில்லை. ஆனால் புது வீட்டின் முதல் நாட்கள் அப்படியே இருந்தன. குளியலறை விளக்கின் சுவிட்ச் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு இருட்டில் குளித்தது. இன்னொரு தேத்தண்ணி வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது. உம்மா வீட்டுக்கு ஓடிப் போய் ஓர் இரவு படுத்துவிட்டு வரலாம் போலிருக்கும். போக முடியாது. மாப்பிள்ளை தாய் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால், மனைவியோடு என்ன சண்டை என்று விடிவதற்குள் இரண்டு ஊரும் கேட்கும். அதனால் தாய்மாரும் தங்கச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

அடுத்த நாள் மருதமுனைக்குப் போனேன். நான் பிறந்த வீடு இப்போது தங்கச்சியின் வீடு. உம்மா அதை ஒட்டிப் போட்ட சின்ன அறையில் இருக்கிறார். அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன்.

"குசினிக்குள்ள" என்றார் உம்மா. "நல்ல காரியத்துக்குப் போற புள்ளைக்கு முன்னுக்கு அழுவுறயா? அதான் உள்ளுக்கு நிண்ட."

பிறகு தானாகவே சொன்னார். என் தலையணையை உறை மாற்றி அந்தப் பெட்டியில் வைத்தாராம். பெண் வீட்டார் மெத்தை, தலையணை எல்லாம் புதிதாகச் செய்து வைத்திருக்கும்போது பழசைக் கொடுத்தனுப்பினால் அவர்களைக் குறைத்து மதித்ததுபோல் ஆகும் என்று, ஆட்கள் வந்து நிற்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்து வெளியே எடுத்துவிட்டாராம்.

"நீ அது இல்லாட்டி தூங்க மாட்டாய் மனே. எனக்குத் தெரியும். என்ன செய்யிற?"

நான் அழுதேன். அதை மறைக்கவுமில்லை.

அழும் மணமகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டைவிட்டுப் போகும் மாப்பிள்ளையின் அத்தியாயத்தை எழுதினேன். குசினிக்குள் நிற்கும் தாயையும், பெட்டியிலிருந்து வெளியே எடுத்த தலையணையையும் எழுதினேன். கடைசிச் சனிக்கிழமை அதை வகுப்பில் வாசித்தேன். இந்த முறை மூக்கை உறிஞ்சும் சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. 

"பழைய அத்தியாயம்தான் வாசகரை உலுக்கும்" என்றார் வளவாளர். "ஓர் ஆண் கலியாணம் முடித்துப் போவதில் என்ன சோகம்? வெளியூரில் யாருக்கும் இது விளங்காது. பழையதை வைப்பதென்றால் இந்தப் பிரதியைத்தான் தெரிவுசெய்வேன்."

ஆசை இல்லாமலில்லை. அட்டையில் என் பெயர் ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. "அந்தப் பிள்ளைக்குப் போய்ப் படுக்க அங்கே இடமில்லை சேர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் விளங்கியது. வேறொருவரின் சிறுகதைகளைத் தெரிவுசெய்தார்கள். நல்ல கதைகள்தான், குறை சொல்ல முடியாது.

படியிறங்கும்போது தபாலதிபர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, என்ட உம்மா அண்டைக்கு எங்க நிண்டாங்க எண்டு நான் கேக்கவே இல்லயே" என்றார். "இனி ஆருட்டக் கேக்கிற?"

 வழக்கமாக மோட்டார் சைக்கிளைத் தெற்கே சாய்ந்தமருதுக்குத் திருப்புவேன். அன்று வடக்கே மருதமுனைக்குத் திருப்பினேன்.

"உன்ட கதைய எடுத்தாங்களா மனே?" என்றார் உம்மா.

"இல்லம்மா."

"அப்ப எனக்கு வாசி."

வாசித்தேன். உம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையணை வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார்.  முடிந்ததும், கலியாணம் முடித்துப் போனதிலிருந்து ஒருநாளும் என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

"ராவைக்கு இஞ்ச படுக்கிறயா மனே?"

நான் வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஊர் என்ன கதைக்கும் என்று அவளுக்கும் தெரியும். 

"ஊர் கதைச்சா கதைக்கட்டும். படுங்க. அந்தத் தலையணி இன்னம் இரிக்கா எண்டு கேளுங்க."

கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் திரும்பி உள்ளே போனபோது உம்மா தன் கட்டிலில் இருந்து அதை எடுத்து, உறையைக் கழற்றி வேறு உறை போட்டுக்கொண்டிருந்தார்.