நாலு கடையை மூடிய ஓ

எங்கள் தெருவில் என் அத்தானை எல்லோரும் எழுத்தாளர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் ஒரு வரி எழுதியவரில்லை. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பார். ஆனால் தெருவிலுள்ள கடைகளில் முக்கால்வாசியின் நெற்றியில் இருக்கும் ஒன்றரை அடி உயரச் சிவப்பு பிளாஸ்டிக் எழுத்துகளை ஏணியில் ஏறி மாட்டியவர் அவர்தான். தெருவே தினமும் அண்ணாந்து அவரைத்தான் வாசிக்கிறது. நிஜமாகவே எழுதுகிறவர்களுக்குக்கூட இந்தக் கொடுப்பினை இல்லை.

கடையை மூடினால் பலகையைக் கழற்றவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கழற்றிய எழுத்துகள் என் அக்காவின் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும். உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கோட் பெயின்ட் அடித்தால் பழசு புதுசாகிவிடும். அடுத்து ஒருவர் கடை திறக்க வந்தால், அந்தக் கட்டிலடிச் சரக்கிலேயே அவருக்கு ஒரு பெயர் பிறக்க வேண்டும். அந்தப் பிரசவத்துக்குத்தான் நான். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அத்தான் வாயில் என் பெயரே ‘டைப்பு’தான்.

“டைப்பு, கைவசம் எஸ், ஹெச், ஓ, ஈ இருக்கு. தண்ணி பைப் விக்கிற ஆளு. அழகா ஒண்ணு சொல்லேன்.”

தரையில் எழுத்துகளைப் பரப்பி, முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அகராதி. SHOES என்ற செருப்புக் கடை மூடியது. அதே எழுத்துகளில் HOSE என்று பைப் கடை வந்தது. மிஞ்சிய ஒரு எஸ்ஸில் அக்கா இன்றும் துண்டு காயப் போடுகிறாள். பைப் கடையும் மூடியது. எங்கிருந்தோ ஒரு எம் கிடைத்ததில் HOME என்று நாற்காலிக் கடை. அதுவும் போய், குழந்தைத் துணிக்கடைக்கு MOTHER. அதையும் மூடினார்கள். ஈ-க்கு மட்டும் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆங்கில வார்த்தை எதை எடுத்தாலும் அது வந்து மொய்த்துக்கொள்ளும். ஓ அப்படியில்லை. இந்த நாலு கடையிலும் தொங்கியது ஒரே ஓ-தான். கீழே ஒரு சில்லு பெயர்ந்து, பட்டி வைத்து அடைத்த ஓ.

யார் கேட்டாலும், “பெட்டி பிரிக்காத சரக்குண்ணே” என்று அத்தான் கூசாமல் சத்தியம் செய்வார். உண்மையைச் சொன்னால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். புதுக்கடை திறக்கிறவர் மூடிய கடையின் எழுத்தைத் தலைக்கு மேல் மாட்டுவாரா?

“பாவமில்லையா அத்தான்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எழுத்து என்ன பண்ணும் டைப்பு? வெறும் பிளாஸ்டிக். வியாபாரம் தெரியாதவன் மூடுறான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

இந்த வருடம் அவருடைய ஒரே மகள் பிசியோதெரபி முடித்து, சொந்தமாகக் கிளினிக் திறக்க இடம் பிடித்தாள். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் புகுந்து, MOTHER கடையிலிருந்து வந்த எழுத்துகளை இழுத்துப் போட்டாள்.

“சித்தி, பாருங்க. எம், ஓ, ஈ இருக்கு. ஒரு வி வாங்கினா MOVE. கை கால் அசையாம வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பேர் கிடைக்குமா? அப்பா, எனக்கு இந்த ஓ-தான் வேணும்.”

சின்ன வயதில் அந்த ஓ-வைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியவள் அவள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பார்க்கலாம்மா என்று முனகிவிட்டு வெளியே போனார். மறுநாள் காலையில் என் ஆபீஸ் வாசலில் நின்றார்.

“டைப்பு, ஒரு பேக்கரிக்காரர் வந்திருக்கார். உடனே ஒரு வார்த்தை வேணும். ஓ கட்டாயம் இருக்கணும்.”

“என்ன அவசரம்?”

“இருக்கணும்னா இருக்கணும்!”

MORE என்றேன். அன்று சாயங்காலமே ஓ வீட்டை விட்டுப் போய்விட்டது. மகளுக்கோ, வாழ்நாளில் முதல் தடவையாக, நிஜமாகவே பெட்டி பிரிக்காத நாலு எழுத்தை வரவழைத்தார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த பேக்கரி கிளினிக்குக்கு நேர் எதிரே என்பதுதான் அவருடைய கெட்ட நேரம்.

கிளினிக் திறந்த அன்று தெருவே வந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறையக் கேக்கோடு வந்து நின்றார். மூடியிருந்த துணியை விலக்கியதும் மகள் அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் பளபளவென்று மின்னின.

“இதெல்லாம் புதுசாச்சே. நான் கேட்ட ஓ எங்கப்பா?”

“அது வேண்டாம்மா.”

“ஏன் வேண்டாம்? வீட்டுலதானே கிடந்துச்சு?”

“விடும்மா, எல்லாரும் பார்க்கறாங்க.”

“சொல்லுங்கப்பா, ஏன்?”

“அது நாலு கடையை மூடின ஓ-ம்மா! அதைப் போய் உன் தலையில மாட்டச் சொல்றியா?”

இத்தனை வருடம் கட்டிக் காத்ததை ஒரே மூச்சில், அதுவும் உரக்கக் கொட்டிவிட்டார். மகள் மெல்லத் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். அந்தச் சில்லை அவளுக்குத் தெரியாதா? அவள் பார்த்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். பேக்கரிக்காரரும் பார்த்தார்.

“எழுத்தாளரே, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு” என்றார் அவர். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வார்த்தை கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான் அல்லவா?

“ஏணியை எடுங்கப்பா” என்றாள் மகள். “என் ஓ-வைக் கழட்டி அவருக்கு மாட்டுங்க. அவரோடதை எனக்கு மாட்டுங்க.”

“அம்மா, சொன்னா கேளு...”

“வெறும் பிளாஸ்டிக்னு நீங்கதானே சொல்வீங்க?”

புதுச் சட்டையோடு ஏறினார். புது ஓ எதிர்ப்பக்கம் போய் ஏறியது. பட்டி வைத்த ஓ மகளின் கிளினிக் மேல் வந்து உட்கார்ந்தது. கடைசித் திருகாணியை முடுக்கும்போது அவர் அழுதார். கண்ணில் தூசி என்றார். நாங்களும் தூசிதான் என்று ஒப்புக்கொண்டோம்.

இப்போது மூன்று மாதமாகிறது. இரண்டு கடையும் நன்றாகத்தான் ஓடுகின்றன. மாட்டிவிட்டு இறங்கிய எந்தக் கடைக்கும் போய் வியாபாரம் எப்படி என்று ஒரு நாளும் கேட்டறியாத மனிதர், தினமும் காலை ஒன்பது மணிக்கு பேக்கரி வாசலில் வந்து நின்று, எதிரே கிளினிக்கின் ஷட்டர் மேலே போகும்வரை கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

“அப்பா, திறந்தாச்சு. வீட்டுக்குப் போங்க” என்று மகள் சத்தம் கொடுக்கிறாள்.

“இல்லம்மா, ஓ நேரா இருக்கான்னு பார்த்தேன்” என்கிறார்.