மழையில் வந்து நின்றவர்

பள்ளியில் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவள் தன் எழுத்தைப் பற்றி எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். எழுத்தாளர் சங்கத்தில் ஆண்டு மலருக்காக இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை மறுக்கக் கூச்சமாக இருந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாங்கானில் ஒரு கடை மாடியில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். சிறுகதைகள் எழுதுகிறேன். இரவல் கேமராவில் ரப்பர் தோட்டத்து மனிதர்களைப் பற்றி ஆவணப்படங்களும் எடுக்கிறேன். கதையில் நடக்காததை எழுதலாம், கட்டுரையில் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

கோலா பிலா பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, கூப்பிட்டுப் பழக்கம். போர்டிக்சனில் வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிய அவர் கணவர் திரும்பவே இல்லை. அதை வைத்து ஒரு கதை எழுதினேன். கதையில் அந்தக் கணவர் ஒரு மழை நாளில் வந்து, கதவைத் தட்டாமல் வாசலில் நின்றுவிட்டுப் போவார். முடிவு வேண்டுமே என்று நானாகச் சேர்த்தது. கதை பத்திரிகையில் வந்தது. பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பால்மரம் சீவிய பெண்களைப் பற்றிப் படம் எடுக்க அவரிடம் போனேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

"பல்ல மட்டும் எடுக்காதலா டீச்சரம்மா, இருக்குறதே நாலு" என்றார்.

வேலை வாங்கிய பழைய மண்டோர், கணக்கு எழுதிய கிராணி எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். பிறகு தானாகவே கணவர் பேச்சுக்கு வந்தார். ஒருமுறை மழையில் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாராம். கிட்டத்தட்ட என் வாக்கியங்கள். மகள் தரையைப் பார்த்தாள். கதையைப் படித்துக்காட்டியது அவள்தான்.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். "பாத்தவங்க யாரோ இருக்காங்கதானே? ஆளு எப்படி இருந்தாருன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

படத்துக்கு ஏன் உடனே சம்மதித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ சொன்னார்கள், ஆள் இப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு நன்றாகவே வரும்.

"யாரும் சொல்லல பெரியம்மா. நானா எழுதுனது."

அவர் கொஞ்ச நேரம் மைக் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மழைன்னு வேற எழுதியிருக்க. ஒரு கொடையாச்சும் குடுத்திருக்கலாம்லா அவருக்கு."

கேமராவை நிறுத்தச் சொன்னார். நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை மகள் போன் செய்து, அம்மா மறுபடி பேசுகிறாராம் என்று வரச் சொன்னாள். போய் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தேன். கணவர் போர்டிக்சன் போனார், வரவில்லை என்று பெரியம்மா சொன்னார். இரண்டு நிமிடம். மதியம் எனக்கு வகுப்பு இருந்தது.