சாமி ஊதினார், மெஷின் கத்தியது

போன வருஷம் கார்த்திகை மாதம், ஒரகடத்தில் என் கணவர் வேலை செய்யும் கம்பெனியின் கேட்டில், காலை ஷிஃப்டு உள்ளே போகிற நேரத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சத்தியமாக வரவில்லை.

படப்பையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இஞ்சி, துளசி, நெல்லிக்காய் என்று தேனில் ஊறவைத்து, பாட்டிலில் அடைத்து விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள்தான். கொண்டுபோய்க் கொடுப்பது என் கணவர். அவருக்குப் பேச வராது. அதற்கும் சேர்த்து நான் பேசுவேன்.

நெல்லித்தேனுக்கு ஒரு பக்குவம் உண்டு. காயை நறுக்கி, ஈரம் போக நிழலில் நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் தேனில் போட வேண்டும். அந்தக் கார்த்திகையில் விடாத மழை. துவைத்த துணியே காயவில்லை, நெல்லிக்காய் எங்கே காயும்? கேட்டவர்களோ விடவில்லை. துணியால் ஒற்றி எடுத்து அப்படியே தேனில் போட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம், மேலே நுரை. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். நான் அதையே விளம்பரமாக்கிவிட்டேன். நுரைத்தால்தான் ஒரிஜினல், கடைத் தேனில் இந்த உயிர் இருக்குமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தேன்.

எங்கள் கீழ் வீட்டுத் தம்பியும் அதே கம்பெனிதான், காண்டிராக்ட். அந்த மாதம் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்காகவே வேண்டிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். போட்ட நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் சாமிதான். என்னைக்கூட அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பஜனையில் சரணம் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? ஒரு நெல்லித்தேன் பாட்டிலைக் கையில் திணித்து, ஷிஃப்டுக்குப் போகும் முன் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு அடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மனிதர் சொன்னபடியே செய்தார். அதுதான் வினை.

அந்தக் கம்பெனியில் உள்ளே நுழையும் முன் எல்லாரும் ஒரு மெஷினில் வாயால் ஊத வேண்டும். குடித்திருந்தால் அது கத்தும். கத்தினால் காண்டிராக்ட் ஆளுக்கு அன்றோடு வேலை காலி.

நான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிய நேரம் என் கணவரிடமிருந்து போன். குசுகுசுவென்று பேசினார்.

"உன் தேனை பஸ்ல சாப்ட்டு வந்து சாமி ஊதினாரு. மெஷின் கத்தினுகீது. சீக்கிரம் பாட்டில எடுத்துகினு வா."

"நீங்க ஊதிட்டீங்களா?"

"நானும் சாப்ட்டேன்ல? அதான் லைன்ல பின்னாடி பின்னாடி போயினுகீறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் தேனைக் குறை சொல்ல ஒரு மெஷினா?

கேட்டில் சாமி ஓரமாக நின்றிருந்தார். தாடி, மாலை, நெற்றி நிறையச் சந்தனம். செக்யூரிட்டி ஆபீசர் மிலிட்டரியில் இருந்து வந்தவர், பெரிய மீசை. அவருக்கே தர்மசங்கடம். மாலை போட்டவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "ஊதுங்க சாமி" என்கிறார். இவர் ஊதுகிறார். மெஷின் கத்துகிறது. "சாமி சரணம்" என்று இருவரும் சேர்ந்தே சொல்கிறார்கள்.

நான் போனதும் போகாததுமாக என் தேனில் ஒரு குறையும் இல்லை, மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். ஆபீசர் மெஷினை என்னிடம் நீட்டினார். ஊதினேன். சத்தமே இல்லை. பார்த்தீர்களா என்பதுபோல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஆபீசர் பாட்டிலைக் காட்டி, இப்போது ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு ஊதச் சொன்னார். புஸ்ஸென்று மூடியைத் திறந்து, சாப்பிட்டு, ஊதினேன். மெஷின் ஊரைக் கூட்டியது. வரிசை முழுக்கச் சிரிப்பு. கடைசியில் நின்ற என் கணவர் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "ஒண்ணு தேன் கெட்டிருக்கணும், இல்ல ஆள் கெட்டிருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் என்னிடம் வாங்குகிறவர்கள். அவர்கள் முன்னால் என் வாயாலேயே என் சரக்கு கெட்டது என்று சொன்னால் அப்புறம் யார் வாங்குவார்கள்? வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் தேனுக்காகத்தான் யோசித்தேன். அப்போது அந்தத் தம்பி என் பக்கம் வந்து, கட்டிப்போன குரலில் மெதுவாகச் சொன்னார்.

"விடுங்கக்கா. உங்க வியாபாரம் போயிடும். நான் வேற வேலை பாத்துக்கறேன்."

மாலை போட்ட பிறகு அன்றைக்குத்தான் என்னை அக்கா என்றார். திரும்பி நின்று, எனக்கு இருக்கிற தொண்டை முழுவதையும் திறந்து, எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "காயை ஈரத்தோட போட்டுட்டேன். தேன் கள்ளு மாதிரி புளிச்சிப் போச்சு சார். இவர் மேல தப்பு இல்ல. யாரும் அதைச் சாப்பிடாதீங்க."

ஆபீசர் சாமியை வாய் கொப்பளிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார். மெஷின் வாயே திறக்கவில்லை. பின்னாலேயே என் கணவரும் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, ஊதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார்.

அன்று சாயங்காலமே பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன். வந்தது கொஞ்சம்தான். மற்றவர்கள் தீர்ந்துவிட்டது என்றார்கள். இதுவரை என்னிடம் தேனே வாங்காத ஒருவர் வீடு தேடி வந்து, அந்தப் பழைய தேன் இன்னும் இருக்கிறதா என்று ரகசியமாக விசாரித்தார். விளக்குமாற்றைக் காட்டி அனுப்பினேன்.

தம்பி மலைக்குப் போய்விட்டு வந்தார், பர்மனென்ட்டும் ஆனார். அரவணைப் பாயசத்தோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து, முதலில் கேட்டது ஒரு நெல்லித்தேன் பாட்டில்தான். "ஷிஃப்டு முடிஞ்சப்புறம் சாப்பிடறேங்க்கா" என்றார்.

இப்போதெல்லாம் காய் உலராமல் தேனைத் தொடுவதில்லை, எவ்வளவு பேர் கேட்டாலும் சரி. தன் வேலை போகிற நேரத்திலும் என் வியாபாரத்துக்காகக் கவலைப்பட்ட ஒருவர் கீழ் வீட்டில் இருக்கும்போது, அவர் வாயில் போடுகிற ஸ்பூனுக்கு நான் பயந்துதானே ஆக வேண்டும்?