எந்த ஊட்டுப் பாலு?

1. நீலப் பெட்டி

ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு நீலப் பெட்டியைக் கொடுத்தார்கள். குச்சி ஐஸ் விற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கொஞ்சம் சின்னது.

"குலுக்காமக் கொண்டு போங்க தாத்தா. உள்ள பாலு" என்றார் மல்லிகா சிஸ்டர்.

மாட்டுப் பால் என்று நினைத்துக்கொண்டு, "கேன்டீனுக்குங்களா?" என்றேன். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தாய்ப்பாலுங்க தாத்தா. மாடியில கொழந்தைங்க ஐசியுவுக்கு. வழியில டீக் கடையில நின்னு கதை பேசுனீங்கன்னா அத்தனையும் வீணாப் போயிரும்."

அதற்கு முன்னால் நான் லாரிக்காரன். சங்ககிரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு ஸ்டீரிங் பிடித்து, நாக்பூர், இந்தூர் என்று ஓடினவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. போர்டில் இருக்கிற எழுத்தின் உருவத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடுவேன். நாமக்கல்லிலிருந்து முட்டை லோடு அடிக்கிறபோது ஒரு முதலாளி சொல்வார், "பள்ளத்துல வண்டி எறங்குனா இங்க என் காசுதான் ஒடையும்டா" என்று. அதனால் குலுக்காமல் போவது எனக்குப் பழகின வேலைதான். கண்ணில் புரை விழுந்ததும் வண்டி தரமாட்டேன் என்றுவிட்டார்கள். மகளுக்குத் தெரிந்த கான்ட்ராக்ட்காரர் மூலமாக இங்கே வந்தேன்.

கீழே இருப்பது பால் வங்கி. தன் பிள்ளை குடித்தது போக மிச்சம் பால் இருக்கிற தாய்மார்கள் அங்கே வந்து பீய்ச்சிக் கொடுப்பார்கள். பல பேர் பாலை ஒன்றாகச் சேர்த்து, சூடு பண்ணி, லேபில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதுவரை ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும். குறைமாதத்தில் பிறந்து, பெற்றவளிடமும் பால் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது போகும். அந்தப் பிள்ளைகளுக்கு உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. டியூப் வழியாகத்தான் விடுவார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

மற்ற நேரத்தில் மல்லிகா சிஸ்டர் வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்காருவார். நான் வாசலில் நிற்கும்போது அவர் குரல் கேட்கும். "காம்பை மட்டும் குடுக்காத சாமி, கறுப்பும் சேந்து வாய்க்குள்ள போகோணும்." "மொத ரெண்டு நாளு கொஞ்சமாத்தான் வரும். புள்ள வயிறும் அத்தனூண்டுதான், பயப்படாத." இதையே நாள் முழுக்கச் சொல்வார். சலித்து நான் பார்த்ததில்லை.

2. மல்லசமுத்திரத்துப் பெரியவர்

கோகிலா என்ற பெண்ணை மல்லசமுத்திரம் பக்கமிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தோட்டங்காடு உள்ள குடும்பம். பிபி ஏறிப்போய் சில நாள் கட்டிலிலேயே இருந்தாள். மாதம் நிறையவில்லை. திடீரென்று வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, என் உள்ளங்கை அகலம்தான் முதுகு. தாய் நினைவில்லாமல் பெரிய ஐசியுவில் கிடந்தாள். சிஸ்டர் அங்கே போய்க் கையால் பீய்ச்சிப் பார்த்தார். சில சொட்டுதான் வந்தது. அதைப் பஞ்சில் தொட்டுப் பிள்ளையின் வாயில் தடவினார்.

புருசன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஆபரேட்டர். வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தவன் ரயில் மாறி மாறி வந்துகொண்டிருந்தான், வந்து சேர நாலைந்து நாள் ஆகும். இங்கே இருந்தது அவனுடைய அப்பா. கெட்ட மனுசர் இல்லை. ரத்தம் வேண்டும் என்றபோது வேகாத வெயிலில் ஓடினார். டாக்டரைக் கண்டால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

சிஸ்டர் அவரிடம் பால் வங்கியைப் பற்றிச் சொன்னார். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த ஊட்டுப் பாலுங்க?" என்றார்.

"அதைச் சொல்லமாட்டமுங்க ஐயா. டெஸ்ட் பண்ணுன பாலு."

"டெஸ்டு சரீங்க. எந்த ஊடுன்னு கேக்கறேன்."

"மருமவளுக்கு ரத்தம் ஏத்துனமே, அப்ப எந்த ஊடுன்னு கேட்டீங்களா?"

"ரத்தம் ஒடம்புல ஓடித் தீந்துபோயிருமுங்க. பாலு கொணத்துல ஒட்டுமுங்க" என்றார் பெரியவர்.

பெட்டியை எடுத்துக்கொண்டு நான் படி ஏறினேன். பின்னாலேயே வந்தார்.

"ஏப்பா, நீதான தெனமும் தூக்கிட்டுப் போறே. நம்ம சனம் குடுத்தது ஒரு பாட்டலு இருந்தாச் சொல்லு. அதையே ஊத்தச் சொல்லிப்போடறேன்."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் அதுல பேரு இல்லீங்க. எல்லாரு பாலையும் ஒண்ணாக் கலந்துதான் காச்சறாங்க."

"கலந்தா?" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் விடவில்லை. மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரயில் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நீங்கதாங்க தகப்பன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"அப்பா பக்கத்துல இருக்காருங்களா?"

"இருக்காருங்க. நீங்க சொல்லுங்க."

"அப்பா எப்படிச் சொல்றாரோ அப்படியே பண்ணிருங்க சிஸ்டர்." அதோடு லைன் போய்விட்டது.

பெரியவர் பவுடர் பால் போதும் என்றார். டாக்டரும் அவரிடம் சொல்லிப் பார்த்தார். சம்மதம் இல்லாமல் வங்கிப் பாலைத் தரமுடியாது. பவுடர் கரைத்து டியூப்பில் விட்டார்கள்.

3. வயிறு

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பெரியவருக்குக்கூட முகம் தெளிந்திருந்தது. "பாத்தியாப்பா, புள்ள தேறிக்கிச்சு" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் பிள்ளையின் வயிறு உப்பிப் பளபளவென்று ஆகிவிட்டது. பாலை நிறுத்தினார்கள். மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் சாயந்தரம் பிள்ளை போய்விட்டது. மகன் வந்து சேர்ந்தது, துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கத்தான்.

நான் சிஸ்டரிடம் கேட்டேன். "பவுடருனாலதான்னு அடிச்சுச் சொல்லமுடியாது தாத்தா" என்றார். "தாய்ப்பாலு குடிச்ச புள்ளைங்களுக்கும் இது வருது. ஆனாக் கொறச்சலா வருது."

4. பூப் பொட்டலம்

கோகிலாவுக்கு நினைவு தெளிந்து வார்டுக்கு மாற்றினார்கள். பால் அப்போதுதான் ஊறிக் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்துவிட்டது. வங்கியிலிருந்து ஐஸ் பை எடுத்துவரச் சொன்னார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டினேன்.

"துணி போட்டு இறுக்கிக் கட்டாத கண்ணு" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "வலி கொறையற அளவுக்கு மட்டும் பீய்ச்சி உடு. பூராவும் எடுத்தா மறுபடி ஊறும். நெறையா ஊறுதுன்னா சொல்லு, கூட இருக்கேன்."

"வேற அம்மாங்க பாலு இங்கயே இருக்குதாமே சிஸ்டர்?"

"ஆமா சாமி."

"எம் புள்ளைக்கு ஏன் குடுக்கலை?"

சிஸ்டர் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

"நீ நெனவில்லாமக் கெடந்தியே சாமி."

"அதுக்கு முன்னால இதே ஆஸ்பத்திரியில முழிச்சுட்டுத்தான படுத்திருந்தேன்? அப்பக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

"கேட்டிருக்கோணும் சாமி" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்தால் வாசலில் பெரியவர். இலையில் கட்டின மல்லிகைப் பூ வைத்திருந்தார். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தார்.

"இதை உள்ள குடுத்துரப்பா. மாருல வெச்சுக் கட்டுனாப் பாலு வத்திரும்னு ஊட்டுல சொன்னாங்க. நான் எந்த மொகத்தோட உள்ள போறது?"

கொண்டுபோய் நீட்டினேன். கோகிலா பொட்டலத்தைத் தொடவில்லை.

"யாரு குடுத்து உட்டாங்க தாத்தா?"

"உங்க மாமனாருங்க. பாலு வத்தறதுக்காம்."

"யாரைக் கேட்டு வாங்குனாருன்னு கேட்டுட்டு வாங்க."

அப்படியே திரும்பி வந்து, அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் பெரியவரிடம் சொன்னேன். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் எதிரில் நின்றான்.

இப்போது பிபி என்று யார் வந்து படுத்தாலும் சிஸ்டர் முதல் நாளே அவளிடம் போய்க் கேட்டுவிடுகிறார். "நாளைக்கு உன்னால குடுக்கமுடியாமப் போச்சுன்னா, வேற தாய்ப்பாலு குடுக்கலாமா?" அனேகமாகப் புருசன்தான் முந்திக்கொண்டு வாயைத் திறப்பான். "உங்களைக் கேக்கலீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். சில பெண்களுக்குப் பதில் வர வெகு நேரம் ஆகும். தங்களைத்தான் கேட்கிறார்களா என்றே சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் பெட்டியை எப்படித் தூக்குவது என்று என்னிடம் கேட்பார்கள். அது சுலபம், ஐஸ் இருந்தால் பால் கெடாது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெற்றவளுக்குப் பேச்சு இருக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். அவளுக்குப் பேச்சு நின்ற பிறகு, சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் வாய் முளைத்துவிடும்.